இடப் பக்கம் மட்டும் துடைத்த வைப்பர்

வால்பாறை மலைப்பாதையில், மழையில், அட்டகட்டியைத் தாண்டி கவர்க்கல் வருவதற்குள் என் பக்கத்து வைப்பர் படுத்துவிட்டது. மேலே போன கை தொய்ந்து, கண்ணாடியின் அடியில் வந்து கிடந்தது. மறுபடி எழவே இல்லை. மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இடப் பக்கத்து வைப்பர், அதாவது என் மனைவி உட்கார்ந்திருந்த பக்கம், ஒரு குறையுமில்லாமல் சரக் சரக்கென்று துடைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ரோடு, தேயிலைச் சரிவு, எதிரே வரும் பஸ் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. ஸ்டீயரிங் என் கையில். எனக்கு முன்னால் வெறும் தண்ணீர்.

“பஸ்ஸு வருதுங்க, இடது பக்கம் ஒதுங்குங்க.”

“இடது பக்கம் சுவரா பள்ளமா?”

“பள்ளந்தான். ஆனா கட்டை இருக்கு.”

அந்த ‘ஆனா’ எனக்குப் போதவில்லை. அவள் வாயைப் பார்த்து ஓட்டி, ஒருவழியாகக் கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டினேன்.

ஜூலை மாதம் வால்பாறை போகிறவன் மழையைப் பற்றிப் புலம்பக் கூடாது. தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற இடம் என்று தெரிந்தேதான் போனோம். மாமாவோடு எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாருக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏழு இருக்கை வண்டியை வாங்கும்போது ஷோரூமில் நாங்கள் கேட்ட கேள்விகள் நன்றாக நினைவிருக்கிறது. மைலேஜ் எவ்வளவு, மூன்றாவது வரிசைக்கு ஏசி வருமா, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம், மேற்கூரை திறக்குமா. வைப்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “உசரமா உட்கார்ந்தா ரோடு நல்லாத் தெரியும்” என்பதுதான் இவ்வளவு பெரிய வண்டிக்கு நான் வீட்டில் சொன்ன முதல் காரணம்.

நின்ற இடத்தில் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “மாப்ள, எஸ்டேட் ஜீப்புல இதெல்லாம் தினமும் நடக்குமுங்க. மேடு ஏறுறப்ப ஆக்சிலேட்டரை மிதிச்சா வைப்பர் தூங்கிரும். காலை எடுத்தா முழிச்சுக்கும்” என்றார். கதை விடுகிறார் என்று நினைத்தால், அது உண்மைதான். பழைய வண்டிகள் பலவற்றில் வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தில்தான் அது ஓடும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் வெற்றிடம் குறைந்துபோகும், வைப்பரும் சோர்ந்துவிடும். மலை ஏறும்போது, மழையில், எப்போது வேண்டுமோ சரியாக அப்போது. “அதனால ஏறுறப்ப ஒரு நிமிசம் மிதி, ஒரு நிமிசம் விடு, அந்த நேரத்துல பாத்துக்கணும்” என்று அவர் காலை ஆட்டிக் காட்டினார். அப்படி ஓட்டிய டிரைவர்களுக்கு யாராவது கும்பிடு போட்டார்களா தெரியாது.

பின்னால் வந்த எஸ்டேட் பிக்கப் ஒன்று நின்றது. தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு டிரைவர் இறங்கி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

“ஸ்பேனர் இருக்குங்களா?”

ஜாக்கி இருந்தது. வீல் ஸ்பேனர் இருந்தது. டோ ஹூக் இருந்தது. கம்பெனி கொடுக்கும் பைக்குள் அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே போய்த் தன் சீட்டுக்கு அடியிலிருந்து 14-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வந்தார். வைப்பர் கையின் அடியில் ஒரு சின்னக் கருப்பு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தார். உள்ளே நட். விரலால் தொட்டதுமே சுற்றியது. நட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈரப் பொடி, விபூதியைக் குழைத்துப் பூசிய மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பொடிதான் விஷயம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மோட்டாரிலிருந்து லிங்கேஜ் என்கிற கம்பிகள் வழியாக இரண்டு தண்டுகள் மேலே வருகின்றன. இரும்புத் தண்டு, அதன் நுனி கூம்பாக, பழைய ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு மாதிரி வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். அதன் மேல் உட்காரும் கையின் துளைப் பகுதி அலுமினியக் கலவை. நட்டை இறுக்கினால் மெத்தென்ற அலுமினியத்தில் இரும்புப் பல் கடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து அசையும். நட் தளர்ந்தால் அதே இரும்புப் பல், அலுமினியத்தைத் துருவ ஆரம்பித்துவிடும். தேங்காய்த் துருவலேதான். மோட்டார் நன்றாக இருக்கும், ஃபியூஸ் நன்றாக இருக்கும், தண்டு சுற்றும், கை மட்டும் வராது.

டிரைவர் நட்டை இறுக்கினார். நான்கு முறை துடைத்தது. ஐந்தாவது முறை மறுபடி படுத்தது.

“பல்லு போயிருச்சுங்க. இனி இறுக்கி பிரயோசனமில்லீங்க.” கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் இடப் பக்கத்தைப் பார்த்தார். “அக்கா பக்கத்துத கழட்டி உங்களுக்குப் போட்டுத் தரட்டுங்களா?”

எனக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது. இரண்டு தண்டுகளும் ஒரே அளவுதான். இடப் பக்கத்துக் கையின் பல் முழுசாக இருந்தது. அதைத் தட்டி ஆட்டிக் கழற்றி, என் பக்கத்துத் தண்டில் உட்கார வைத்து, இறுக்கினார். என் பக்கத்து பிளேடு 24 அங்குலம், அவள் பக்கத்தது 18. சின்னக் கை என்பதால் மேலே ஒரு சாண் அளவு துடைக்காமல் விட்டது, வலது ஓரத்தில் ஒரு கீற்று ஈரம் தங்கியது. ஆனால் ரோடு தெரிந்தது. பல் போன பெரிய கை டிக்கிக்குப் போனது. இடப் பக்கத்து மொட்டைத் தண்டு மட்டும், துடைக்க ஒன்றுமில்லாமல், வால்பாறை வரைக்கும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே வந்தது.

“இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க” என்றாள் மனைவி.

அதற்கும் அந்தத் தம்பியிடம் வைத்தியம் இருந்தது. பையிலிருந்து கொஞ்சம் புகையிலையை எடுத்து, ஈரத்தில் கசக்கி, அவள் பக்கத்துக் கண்ணாடியில் தேய்த்துவிட்டார். லாரிக்காரர்களின் பழைய வித்தை. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. மந்திரம் ஒன்றுமில்லை. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மழைத்தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். ஒவ்வொரு முத்தும் ஒரு குட்டி லென்ஸ், அதனால்தான் எல்லாம் சிதறித் தெரிகிறது. தேய்த்த பிறகு தண்ணீர் முத்தாகாமல் ஒரே படலமாக வழியும், பின்னால் இருப்பது ஓரளவு தெரியும். கொஞ்ச நேரத்தில் மழையே அதைக் கழுவிவிடும். அதுவரைக்கும் வண்டிக்குள் புகையிலை நாற்றம். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. “பாத்துப் போங்க, கவர்க்கல்ல மூட்டம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருந்தது. வெளியில் மட்டுமல்ல, உள்ளேயும். நனைந்த குடைகள் இரண்டு, நனைந்த நான், ஆறு பேர் மூச்சு. சின்னவளுக்குக் குளிர்கிறது என்று ஏசியை அணைத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி உள்பக்கம் பால் பூசினாற்போல் ஆகிவிட்டது. அத்தை தோள் துண்டைக் கொடுத்தார். துடைத்தால் கோடு கோடாக இழுத்துக்கொண்டு இன்னும் மோசம். குளிர் இடத்தில் ஏசியைப் போடுவது பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். ஆனால் ஏசியின் முக்கியமான வேலைகளில் ஒன்று காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவது. ஏசியைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, குளிர் தாங்காவிட்டால் சூட்டையும் கொஞ்சம் திறந்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் பனிப்படலம் கீழிருந்து மேலாக விலகும். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதை அன்றுதான் என் வீட்டில் நம்பினார்கள்.

சமவெளியில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கும், பலர் அங்கேதான் குழம்பிப்போகிறார்கள். மழை விட்ட புழுக்கமான ராத்திரியில் ஏசியை ஜிலுஜிலுவென்று வைத்துக்கொண்டு ஓட்டினால், குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரம் படியும். குளிர்ந்த சோடா பாட்டில் வேர்ப்பது மாதிரி. அப்போது உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. விரலால் உள்பக்கம் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. விழாவிட்டால் வைப்பரை ஒரு தட்டுத் தட்டி, ஏசியின் குளிரைக் குறைத்தால் போதும்.

கவர்க்கல் மூட்டத்துக்குள் நுழைந்ததும் நான் வழக்கமான தப்பைச் செய்தேன். ஹைபீம் போட்டேன். மூட்டத்தில் இருப்பது நுண்ணிய தண்ணீர்த் துளிகள். மேலே வீசிய வெளிச்சம் அத்தனையும் அவற்றில் பட்டுத் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. வெள்ளைச் சுவர். மாமா பின்னாலிருந்து “டிம் பண்ணுங்க மாப்ள, டிம் பண்ணுங்க” என்றார். லோபீம், கீழே இருக்கும் ஃபாக் லைட், ஓரக்கோடு, இருபது வேகம். முன்னால் போன கார் நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஊர்ந்தது. அவன் நிற்கிறானா, போகிறானா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறான், ஒன்றும் புரியவில்லை. ஓடுகிற வண்டியில் ஹசார்டு போடுவது பாதுகாப்பு என்று யார் இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ.

கல்யாண வீட்டுத் திண்ணையில் மழை தூறலாக மாறியபோதுதான் நட் ஏன் தளர்ந்தது என்ற கேள்வி வந்தது. மே மாதம் சேலத்திலிருந்து திரும்பும் வழியில், நான்குவழிச் சாலையில் ஒரு டிப்பர் லாரியின் டயர் தெறித்த கல் கண்ணாடியில் பட்டது. பத்து ரூபாய்க் காசு அளவுக்கு நட்சத்திரக் கீறல். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது என்பதால் நொறுங்கவில்லை. ஆனால் வெயிலும் ஏசியும் மாறி மாறிப் பட்டதில் கீறல் நாளுக்கு ஓர் அங்குலம் ஊர்ந்து, ஒரு வாரத்தில் என் கண் மட்டத்துக்கு வந்துவிட்டது. இன்ஷூரன்ஸில் மாற்றினோம். கண்ணாடி மாற்ற வேண்டுமானால் வைப்பர் கைகள் இரண்டையும், அடியிலுள்ள கருப்புப் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டியவர் வலப் பக்கத்து நட்டைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்பேனரை எடுக்கப் போன இடத்தில் செல்போன் வந்திருக்கலாம். நானும்தான், புதுக் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேனே ஒழிய, வைப்பரை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கவில்லை. மே மாத வெயிலில் யாருக்கு அது நினைவு வரும்?

ஊருக்கு வந்ததும் எங்கள் மெக்கானிக் புதுக் கை ஒன்று வாங்கிப் போட்டார். 650 ரூபாய். அதோடு முடியவில்லை. கண்ணாடி மாற்றியதிலிருந்து தானாக ஓடும் வைப்பரும் கிறுக்குப் பிடித்து அலைந்தது. காய்ந்த வெயிலில் ஓடும், மழையில் சும்மா இருக்கும். பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மழை சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாக அனுப்புகிறது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் ஒளி முழுக்க உள்ளேயே திரும்பி வரும். துளி விழுந்த இடத்தில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும், திரும்பி வருவது குறையும். குறைவதைக் கணக்கிட்டுத்தான் வைப்பர் வேகத்தை முடிவு செய்கிறது. சென்சாரையும் கண்ணாடியையும் ஒட்டவைப்பது ஒரு ஜெல் வில்லை. பழைய வில்லையையே எடுத்து ஒட்டியதில் நடுவே காற்றுக் குமிழி. சென்சார் என்ன செய்யும், பாவம். வில்லையை மாற்றியதும் சரியானது.

விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பருக்குப் பின்னால் ஒரு கண்ணின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற பொறியாளருக்கு 1953-இல், கல்யாண ராத்திரி ஷாம்பெயின் பாட்டில் மூடி தெறித்து இடக் கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. பின்னாளில் தூறலில் வண்டி ஓட்டும்போது, கண் ஓயாமல் துடைப்பதில்லையே, இமை விட்டு விட்டுத்தானே சிமிட்டுகிறது, வைப்பர் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று யோசித்தார். 1964-இல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார். கார் கம்பெனிகள் தம் யோசனையை எடுத்துக்கொண்டன என்று வழக்குப் போட்டு, வேலை, குடும்பம் எல்லாம் குலைந்து, 1990-இல் ஃபோர்டு 1 கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அவருக்கும் முந்திய மேரி ஆண்டர்சன் என்ற பெண்ணுக்கு அதுவும் இல்லை. நியூயார்க்கில் பனி கொட்டும் நாளில் டிராம் ஓட்டுநர் முன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்து, உள்ளிருந்து கைப்பிடியால் ஆட்டும் ரப்பர்த் துடைப்பானை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை வாங்கினார். விற்றுப்போகாது என்று திருப்பி அனுப்பினார்கள். கார்கள் பெருகி, வைப்பர் எல்லா வண்டிக்கும் வந்து சேர்வதற்குள் காப்புரிமைக் காலமே முடிந்துவிட்டது.

சரி, நம்மூர் தொல்லைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் வைப்பரைக் கொல்வது மழையல்ல, போர்வெல் தண்ணீர். வாரா வாரம் அந்த உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், கண்ணாடியில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் விழும். ரப்பர் அதன் மேல் ஓடும்போது உப்புக் காகிதத்தில் ஓடுகிற மாதிரிதான். வைப்பர் தண்ணீர் டப்பாவிலும் அதே போர்த் தண்ணீரை ஊற்றினால் பீய்ச்சும் துளை அடைத்துக்கொள்ளும். நான் குண்டூசியால் குத்தி எடுத்தேன். இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். அம்மாவுக்கு இது பெரிய ஊதாரித்தனம். ரப்பர் எப்படியும் நம் வெயிலுக்கு ஒரு வருடம் தாங்கினாலே அதிகம். ஏப்ரல், மே காய்ச்சலில் விறைத்துப்போய், ஜூன் முதல் மழையில் தடதடவென்று குதிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரின் முனை மறுபக்கம் சாய வேண்டும். விறைத்த ரப்பர் சாயாது, துள்ளும். புது பிளேடு போட்டும் துள்ளினால் கண்ணாடியில் மெழுகோ எண்ணெயோ படிந்திருக்கும், அல்லது கை முறுக்கிக்கொண்டிருக்கும். வீட்டுப் பெண்களுக்குப் பளபளப்பு பிடிக்கும் என்று வாட்டர்வாஷ்காரர் டேஷ்போர்டில் பூசிவிடும் சிலிக்கான் பாலிஷ் இருக்கிறதே, அதைத் தடைசெய்ய வேண்டும். அது வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் படிகிறது. இரவில் எதிர் வண்டி வெளிச்சம் அதில் பட்டால் முழுக் கண்ணாடியும் பூப்பூவாக விரிகிறது. எதிரே வருகிறவன் லைட்டைத் திட்டுகிறோம். பாதித் தப்பு அவனுடையது, மீதி நம் கண்ணாடியினுடையது.

வைப்பர் புத்தம் புதிதாக, வானம் தெளிவாக இருந்த ஒரு காலையில்தான் நான் ஒருவரை இடிக்கப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போய்வந்து ஒரு மாதம் இருக்கும். ரவுண்டானாவில் மெதுவாக நுழைகிறேன். வலப் பக்கம் பார்த்தேன், யாருமில்லை. பிரேக்கில் கால் வைத்திருந்ததால் தப்பித்தது. பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று பானெட்டுக்கு ஒரு முழம் முன்னால் போனது. ஓட்டியவர் பெரியவர். திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிப் போனேன். அவர் திடீரென்று வந்துவிடவில்லை. முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குப் பின்னால் இருந்திருக்கிறார். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமலிருக்க இந்தத் தூண்களைத் தடிப்பாக்கிவிட்டார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாலும் ஒரு மொபெட்டை மறைக்க அது போதும். அவர் நகர, நானும் நகர, இருவர் வேகமும் ஒத்துப்போனால் அவர் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே கூடவே வருவார், கடைசி நொடி வரைக்கும். இப்போது நான் ரவுண்டானாவில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித் தூணைச் சுற்றி எட்டிப் பார்க்கிறேன். சாமியாடுகிறேன் என்று பெரியவள் கிண்டல் செய்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பரிசோதனை செய்தேன். 20 லிட்டர் தண்ணீர் கேனை வண்டிக்கு முன்னால் வைத்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் தெரியவில்லை. பெரியவளை விட்டு அடி அடியாகத் தள்ளி வைக்கச் சொன்னேன். ஏழு அடி தள்ளிய பிறகுதான் கேனின் மூடி தெரிந்தது. உயரமாக உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும் என்றேனே, தூரத்து ரோடு தெரிகிறது. வாசலில் உட்கார்ந்து கோலத்தைப் பார்க்கும் குழந்தை தெரியாது. கேன் உயரம்தான் அது. சின்னவள் ஏழு அடிக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு “அப்பா, நான் தெரியறனா?” என்று கேட்டாள். குரல்தான் கேட்டது. இறங்கிப் போய் அவளைத் தூக்கி வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தேன். மனைவி கோலமாவில் அந்த ஏழு அடியில் ஒரு கோடு போட்டுவைத்தாள். மழை வரும்வரை இருந்தது.

பின்பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இந்த மாதிரி வண்டிகளின் முதுகு செங்குத்தாக முடிவதால், ஓடும்போது பின்னால் காற்று சுழன்று டயர் கிளப்பும் சேற்றையெல்லாம் கண்ணாடியில் அப்புகிறது. பின் வைப்பர் அதற்காகத்தான். அதைத் துடைத்துவிட்டால் அப்புறம் மூன்றாவது வரிசைத் தலைசாய்ப்பான்கள், ஊருக்குப் போகும் பை, மெத்தை, அதன் மேல் பலாப்பழம். கறுப்பு ஃபிலிமை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது, பக்கக் கண்ணாடியில் பாதி வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்று விதி. நம் ஆட்கள் வலைத்துணியை மாட்டிக்கொண்டு போகிறார்கள். ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்பார்கள். மழையில் அந்தக் கேமராவின் மேல் ஒரு சொட்டு நின்றால் திரையில் என்ன தெரியும் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

பல் போன அந்தப் பெரிய கை இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது. பக்கத்தில் நான் வாங்கிப் போட்ட 14-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு பொட்டலம் புகையிலை. போன வாரம் மாமா வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, வெயிலில் நின்ற வண்டியின் இரண்டு வைப்பர்களையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து நட்டை விரலால் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. டிக்கியைத் திறந்தவர் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பாதிதான் மிச்சமிருக்கிறது. அத்தைக்கு இன்னும் தெரியாது.